சுங்கை சிப்புட் கிராணி ஐயா கடை: ஹோம்ஸ்கூல் ஃபைல் போடறவங்களுக்கு ஒரு ரிவியூ

இது சாப்பாட்டுக் கடை ரிவியூ இல்ல, போட்டோஸ்டேட் கடை ரிவியூ, சிரிச்சிட்டு அப்படியே போயிடாதீங்க. பிள்ளைய வீட்டுலயே வச்சு படிக்க வைக்கிற குடும்பங்க, வைக்கலாமான்னு யோசிக்கிறவங்க, அதுலயும் மலேசியாவுல நம்ம பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. ஏன்னா இதுல பாடம் சொல்லித் தர்றத விட அனுமதி கேட்டு ஃபைல் போடற பேப்பர் வேலைதான் மனுசன போட்டு வாட்டுது, அந்தப் பேப்பர் வேலைய ஒழுங்கா செஞ்சு தர்ற ஒரு ஆளு நம்ம டவுன்லயே இருக்காரு.

கடைக்குப் பெரிய போர்டெல்லாம் கிடையாது. பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்து போற தூரம்தான், பழைய கடை வரிசையில மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன ரூமு, ரெண்டு போட்டோஸ்டேட் மெஷினு, ஒரு கம்ப்யூட்டரு, அவ்வளவுதான். உக்காந்திருக்கிறவரு முந்தி செம்பனை எஸ்டேட் ஆபீஸ்ல கிராணியா, அதான் கிளார்க்கா இருந்தவரு, ரிட்டயர் ஆகி எவ்வளவோ வருஷம் ஆச்சு, இன்னும் எல்லாரும் கிராணி ஐயான்னுதான் கூப்பிடறாங்க. டைப் பண்றது அவரு மக. ஐசி (அடையாளக் கார்டு) காப்பி, இ.பி.எஃப் சேமநிதி பாரம், பேங்கு கடுதாசின்னு வழக்கமான வேலைதான் நிறைய. ஹோம்ஸ்கூல் கேஸு அங்கொண்ணு இங்கொண்ணுதான் வரும், ஆனா வந்தா அவருக்கு முகத்துல ஒரு சந்தோஷம் தெரியும், கிராணி வேலை திரும்ப கிடைச்ச மாதிரி.

என் கதை சுருக்கமா. சின்னவனுக்கு நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம், கிட்னி வழியா புரோட்டீன் போயிடும், முகம் காலெல்லாம் வீங்கும், ஸ்டீராய்டு மருந்து ஓடிட்டு இருக்கறதால யாருக்காச்சும் சளின்னாலே இவனுக்கு வந்துடும், சளி வந்தா வீக்கம் திரும்ப வந்துடும். ஸ்கூல்ல பேரு இருக்கும், ஆளு இருக்க மாட்டான். அதான் வீட்டுல வச்சு படிக்க வைக்க முறையா அனுமதி கேக்கலாம்னு முடிவு பண்ணோம்.

அந்தக் கடையில எனக்குப் பிடிச்ச முதல் விஷயம், அவரு உடனே டைப் பண்ண ஆரம்பிக்க மாட்டாரு. டிராயர்ல இருந்து பிளாஸ்டிக் போட்ட ஒரு தாள எடுத்து நீட்டுவாரு. 1996 கல்விச் சட்டம், அதான் ஆக்ட் 550, அதுல 29ஏ பிரிவு. "முதல்ல இத படிம்மா, புரியலன்னா கேளு, அப்புறம் டைப் பண்ணலாம்"னு சொல்லிட்டு அவரு தே தாரேக் குடிக்கப் போயிடுவாரு. எனக்கு முதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு, பிள்ளைய பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன், இவரு என்ன பரிட்சை வைக்கிறாருன்னு. படிச்சப்புறம்தான் அந்த ஒரு தாளு எவ்வளவு முக்கியம்னு தெரிஞ்சுச்சு.

அதுல இருக்கிறத நம்ம பாஷையில சொல்றேன். ஆரம்பக் கல்வி கட்டாயம்னு ஆனது 2003 ஜனவரி 1ல இருந்து. ஜனவரி 1ஆம் தேதி ஆறு வயசு முடிஞ்சிருந்தா அந்த வருஷமே பிள்ளைய ஆரம்பப் பள்ளியில சேத்தாகணும், சேத்தா மட்டும் பத்தாது, ஆரம்பப் பள்ளி முடியிற வரைக்கும் அங்க மாணவனா இருக்கணும். மீறினா அப்பா அம்மாவுக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டும். இதுக்கு விலக்கு கொடுக்கிற அதிகாரம் அமைச்சருக்குத்தான். 'ஹோம்ஸ்கூல் நடத்துறது பெற்றோர் உரிமை'ன்னு ஒரு வரி கூட அந்தப் பிரிவுல கிடையாது. யாரோ சொன்னாங்க, யாரோ வீடியோ போட்டாங்கன்னு பிள்ளைய நிறுத்திடறவங்க இத ஒரு தடவ படிச்சா தேவலாம்.

இப்ப இடைநிலைப் பள்ளியையும் கட்டாயமாக்கற திருத்தத்த 2025 ஜூலையில மக்களவை நிறைவேத்தியிருக்கு. ஆறாம் ஆண்டு முடிஞ்சா நிம்மதின்னு கணக்கு போட்டு வச்சிருந்தவங்க கணக்க மாத்திக்கணும். ஐயா அந்தச் செய்தி பேப்பர் கட்டிங்க கூட அந்த பிளாஸ்டிக் கவர்லயே சொருகி வச்சிருக்காரு.

நான் உக்காந்திருக்கும்போதே ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க, கார்ல இருந்து இறங்குனவங்க, ஈப்போ பக்கம்னு நினைக்கிறேன். மூணாம் ஆண்டு படிக்கிற மகள நிறுத்திட்டு ஒரு 'ஹோம்ஸ்கூல் சென்டர்'ல சேக்கப் போறாங்களாம், அதுக்கு ஃபைல் வேணுமாம், சென்டர்ல ஐ.ஜி.சி.எஸ்.இங்கற பிரிட்டிஷ் பரிட்சை வரைக்கும் சொல்லித் தர்றாங்களாம். ஐயா கேட்டாரு, "எத்தனை பிள்ளைங்க படிக்குது அங்க?" நாப்பது பேரு இருக்கும்னு அந்தம்மா சொன்னாங்க. "அப்ப அது எப்படிம்மா வீடு ஆகும், பத்து பேரு அதுக்கு மேல வழக்கமா உக்காந்து படிச்சா சட்டப்படி அது ஸ்கூலு, ஸ்கூல்னா கல்வி அமைச்சுல பதிவு இருக்கணும், முதல்ல அவங்க பதிவு சர்டிபிகேட்ட பாத்துட்டு வாங்க, பதிவு இருந்தாலும் உங்க மக பேரு இப்ப இருக்கிற ஸ்கூல்ல இருந்து முறையா மாறிப் போவுதான்னு அங்கயும் இங்கயும் கேளுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஒரு காசு வாங்கல. நூறு வெள்ளி கேட்டிருந்தாலும் அவங்க கொடுத்திருப்பாங்க, அந்த ஃபைல வச்சிட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிட்டும் இருந்திருப்பாங்க. வியாபாரம் பண்ணத் தெரியாத மனுசன்னு அவரு மக முணுமுணுத்துச்சு. எனக்கு அந்த இடத்துலதான் இவர நம்பலாம்னு தோணுச்சு.

ஏன் இத இவ்வளவு பெருசா சொல்றேன்னா, இதுக்கு முந்தி ஆன்லைன்ல ஒரு ஆளுகிட்ட விசாரிச்சிருந்தேன். பேரு வேணாம். 'ஃபுல் பேக்கேஜ்' 800 வெள்ளி, கடுதாசி, டைம்டேபிள், கடைசியில தங்கக் கலர்ல முத்திரை வச்ச 'சட்டப்பூர்வ ஹோம்ஸ்கூல் சர்டிபிகேட்'டும் உண்டாம். கிராணி ஐயாகிட்ட அந்த சாம்பிள காட்டுனேன், கண்ணாடிய தூக்கி விட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "முத்திரை நல்லா இருக்கு, பி.பி.டில இத யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு, பி.பி.டின்னா மாவட்டக் கல்வி ஆபீஸு.

நம்ம கேஸுக்கு வழி பி.பி.டில இருந்துதான் ஆரம்பம், நமக்கு கோலகங்சார் பி.பி.டி, அங்கிருந்து மாநிலக் கல்வி இலாகா, அங்கிருந்து மேல அமைச்சுக்கு. இதுல ஐயா வச்சிருக்கிற முறைதான் இந்தக் கடையோட சரக்கே. எல்லாம் மூணு செட்டு. ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு நமக்கு, ஒண்ணு சும்மா ரிசர்வு. நம்ம செட்டையும் கையிலேயே கொண்டு போகணும், கவுண்டர்ல கொடுத்தவுடனே நம்ம காப்பியில தேதியோட 'தெரிமா' (வந்து சேந்துச்சுங்கற) சாப்பா, அதான் முத்திரை குத்தி வாங்கிட்டுத்தான் நகரணும். "சாப்பா இல்லாத கடுதாசி கொடுக்காத கடுதாசி"ன்னு சொல்வாரு. இது எவ்வளவு உண்மைன்னு பிறகு தெரிஞ்சுது, ஒரு ஆபீஸ்ல எங்க கடுதாசி வரவே இல்லன்னு சொன்னாங்க, நான் சாப்பா குத்துன காப்பிய எடுத்து வச்சேன், அஞ்சு நிமிஷத்துல ஃபைலு வெளிய வந்துடுச்சு.

மலாய் கடிதம் எழுதறதுல மனுசன் புலி. நம்ம ஆளுங்க பாதிப் பேரு நெட்டுல இருந்து அரசாங்கக் கடிதத்த காப்பி அடிச்சு கீழ 'பெர்கிட்மாட் உந்தோக் நெகாரா'ன்னு போட்டு கையெழுத்து போட்டுடறாங்க. 'நாட்டுக்குச் சேவை செய்யறோம்'னு அர்த்தம், அது அரசாங்க ஊழியருங்க போடற வாசகம், நம்ம மனுவுல அதுக்கு என்ன வேலை. என் டிராஃப்ட்லயும் மச்சான் அத போட்டுக் கொடுத்திருந்தாரு, ஐயா சிவப்புப் பேனாவால ஒரே கோடு. நாலு பக்கம் இருந்த கடிதம் ஒரு பக்கமா சுருங்கிடுச்சு. பிள்ளை யாரு, எந்த ஸ்கூலு, என்ன வியாதி, எவ்வளவு காலத்துக்கு, யாரு சொல்லித் தருவாங்க, எந்தப் பாடத்திட்டம். அழுகாச்சியெல்லாம் கடிதத்துல வேணாம், டாக்டர் ரிப்போர்ட் அத சொல்லும்னாரு.

டாக்டர் ரிப்போர்ட்ட மட்டும் முன்கூட்டியே கேட்டு வச்சிடுங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு தனியா பாரம் போடணும், அது ரெக்கார்ட் ஆபீஸ் வழியா வரும், இன்னைக்கு கேட்டு நாளைக்கு கிடைக்கிற சாமான் இல்ல. எம்.சி. சீட்டு, அதான் டாக்டர் கொடுக்கிற மெடிக்கல் லீவு சீட்டு, ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க, வெயிட்டிங்ல இருக்கிற காலத்துல பிள்ளையோட பேரு ஸ்கூல் ரிஜிஸ்தர்ல இருந்துகிட்டேதான் இருக்கும், வராத நாளுக்கெல்லாம் ஸ்கூலு காரணம் கேக்கும், கொடுக்கலன்னா எச்சரிக்கைக் கடுதாசி வரும். அனுமதி கைக்கு வர்றதுக்கு முந்தி பிள்ளைய நிறுத்தவே கூடாதுங்கறதுல ஐயா ரொம்ப கறாரு. எங்க சின்னவன் முடிஞ்ச நாளுக்கு ஸ்கூலுக்குப் போனான், முடியாத நாளுக்கு எம்.சி. போச்சு, ஒவ்வொரு எம்.சிக்கும் ஒரு காப்பி நம்ம ஃபைல்ல. ஸ்டீராய்டு டோஸு கூடி ஆஸ்பத்திரியில படுத்தா 'செகோலா டாலாம் ஹொஸ்பித்தால்'னு (ஆஸ்பத்திரிக்குள்ள ஸ்கூலு) 2011ல இருந்து கல்வி அமைச்சு நடத்துற ஒரு ஏற்பாடு இருக்கு, சில அரசாங்க ஆஸ்பத்திரில வார்டுலயே டீச்சர் இருப்பாங்க, அதையும் கேட்டுப் பாரு, வீட்டுல வச்சிக்கறது மட்டும்தான் வழின்னு நினைக்காதன்னு சொன்னதும் இவருதான். ஹோம்ஸ்கூல் ஃபைல் போட்டு காசு வாங்கற ஆளு இத சொல்லணும்னு என்ன அவசியம் சொல்லுங்க.

இப்ப அமெரிக்கா புக்கு விஷயம். கே.எல்ல இருக்கிற எங்க அண்ணி பாசமா ஒரு ஹோம்ஸ்கூல் பிளானர வாங்கி அனுப்பியிருந்தாங்க, பிரிண்ட் பண்ணி பைண்ட் பண்ணிக்கற மாதிரி, பூவெல்லாம் போட்டு ரொம்ப அழகா இருக்கும். பிரிண்ட் எடுக்கக் கொண்டு போனேன். ஐயா ஒவ்வொரு பக்கமா திருப்பி, "இது எந்த ஊரு சட்டம்மா"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. 180 நாளுக்கு கட்டம் கட்டமா வருகைப் பதிவு, கல்வி அதிகாரிக்கு அனுப்பற அஃபிடவிட் மாதிரி, வருஷக் கடைசியில மதிப்பீட்டாளரு கையெழுத்து போடற பக்கம். இதெல்லாம் பென்சில்வேனியா மாதிரி மாநிலத்துல கேக்கறது, அங்க வருஷத்துக்கு 180 நாளு, இல்லன்னா ஆரம்ப நிலைக்கு 900 மணி நேரம்னு கணக்கு, பிள்ளை செஞ்ச வேலையெல்லாம் போர்ட்ஃபோலியோவா கட்டி காட்டணும். அதே அமெரிக்காவுல டெக்சஸ்ல வீட்டுப் பள்ளிய தனியார் பள்ளி மாதிரியே பாக்கறாங்க, எங்கயும் பதிய வேண்டியது இல்ல. அந்த நாட்டுலயே ஒரு மாநிலத்துக்கு ஒரு சட்டம்னா, அத பிரிண்ட் எடுத்து சுங்கை சிப்புட்ல ரொப்பி யாருக்குக் காட்டப் போறோம்? கிட்டத்துல சிங்கப்பூர எடுத்துக்கிட்டாலும் வேற கதை, அங்க வீட்டுல படிக்க அனுமதி வாங்குன பிள்ளை கண்டிப்பா ஆரம்பப் பள்ளி முடிவுல வர்ற பி.எஸ்.எல்.இ பரிட்சை எழுதணும், குறிப்பிட்ட அளவுக்கு மேல வாங்கியும் காட்டணும். பிளானர்ல படிச்ச புத்தகப் பட்டியல் போடற பக்கம், அறிவியல் பரிசோதனை பக்கம் ரெண்டையும் மட்டும் பிரிண்ட் எடுத்துக்கிட்டோம். மிச்சம் அண்ணி மனசு நோகாம அலமாரியில இருக்கு.

அதுக்குப் பதிலா ஐயா போட்டுக் கொடுத்த ஷீட்டப் பத்தி சொல்லியே ஆகணும். எஸ்டேட்ல வளந்தவங்களுக்கு செக்ரோல் தெரியும், யாரு வேலைக்கு வந்தா, எந்த நிரை, எவ்வளவு வெட்டுனான்னு தினமும் கிராணி எழுதற ரிஜிஸ்தரு. அதே மாதிரி ஒரு நாளுக்கு ஒரே வரி. தேதி, பாடம், டி.எஸ்.கே.பிங்கற அரசாங்கப் பாடத்திட்ட ஆவணத்துல இருக்கிற அந்த ஸ்டாண்டர்ட் நம்பரு, பிள்ளை செஞ்சது என்ன, கடைசிக் கட்டத்துல 1ல இருந்து 6 வரைக்கும் தி.பி., அதான் பிள்ளைக்கு எவ்வளவு கைவந்திருக்குங்கற அளவு. இந்த 1 - 6 அவரா கண்டுபிடிச்சது இல்ல, ஸ்கூல்ல டீச்சருங்க வகுப்பறை மதிப்பீட்டுல போடற அதே அளவுதான். நாளைக்குப் பிள்ளை திரும்ப ஸ்கூலுக்குப் போனா டீச்சருக்குப் புரியற பாஷையில இருக்கணும்ல, அதான் காரணம். சின்னவனுக்கு மருந்து மாத்துன நாளெல்லாம் ஒரே ஒரு வரிதான் இருக்கும், 'கதை கேட்டான்'னு. அதையும் எழுதச் சொல்வாரு. வெறும் கட்டம் விட்டா பின்னாடி நாமளே பொய் எழுதி ரொப்பத் தோணுமாம், எஸ்டேட்ல அவரு பாக்காத செக்ரோலா.

இந்த ரெக்கார்டு இப்ப ஏன் முந்திய விட முக்கியம்னா, ஆறாம் ஆண்டு பரிட்சை யு.பி.எஸ்.ஆர் 2021லயே போயிடுச்சு, மூணாம் படிவப் பரிட்சை பி.டி.3 2022ல போயிடுச்சு. வீட்டுல படிக்கிற பிள்ளைக்கு அஞ்சாம் படிவத்துல எழுதற எஸ்.பி.எம் வரைக்கும் அந்த மாதிரி சர்டிபிகேட்டு ஒண்ணும் கையில இருக்காது. ஒரு தாயா நான் 'நல்லா படிக்கிறான்'னு சொன்னா யாரு கேப்பா, தேதி போட்ட நோட்டு, வாசிப்புப் பட்டியல், மாசத்துக்கு ஒரு மலாய் கட்டுரை, கணக்கு சோதனைத் தாளு, இது இருந்தா பேசலாம். எஸ்.பி.எம்ம கல்வி இலாகா வழியா தனியார் வேட்பாளரா பதிஞ்சு எழுதலாம், ஆனா மலாய் மொழியும் வரலாறும் பாஸ் பண்ணலன்னா சர்டிபிகேட்டே கிடையாது, வரலாறு 2013ல இருந்து அந்தக் கணக்குல சேந்துச்சு. வீட்டுல படிக்க வைக்கிறவங்க இங்கிலீஷு, கணக்கு, சயின்ஸுன்னு ஓடிட்டு இந்த ரெண்டையும் கடைசியில தேடறாங்க. ஐயா ஷீட்டுல மலாய்க்குத்தான் முதல் கட்டம், தமிழ் ரெண்டாவது. தமிழ் எதுக்குன்னு கேட்டதுக்கு முறைச்சாரு பாருங்க ஒரு முறை.

சத்தியப் பிரமாணம் ஒண்ணும் வச்சோம், 1960 சட்டப்படி செய்யிற சூராட் அக்குவான், வீட்டுல இருந்து நான்தான் சொல்லித் தர்றேன்னு. அத கடையில டைப் பண்ணிக்கலாம், ஆனா கையெழுத்த சத்தியப் பிரமாண ஆணையர் முன்னாடிதான் போடணும், வீட்டுலயே போட்டுட்டுப் போனா திரும்ப டைப் பண்ண வேண்டியதுதான். காப்பிகள யாரு சான்று பண்ணலாங்கறதும் ஆபீஸுக்கு ஆபீஸு எதிர்பார்ப்பு மாறும், ஐயா யாருகிட்ட போகணும்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடறாரு.

குறைன்னு பாத்தா இருக்கு, இல்லாம என்ன. மெதுவு. ரொம்ப மெதுவு. ஒரு கடிதத்த மூணு தடவ வாசிச்சுப் பாத்துட்டுத்தான் பிரிண்ட்டு, பின்னாடி பத்து பேரு ஐசி காப்பிக்கு நின்னாலும் அதே வேகம்தான். இடது பக்க மெஷின்ல காப்பி எடுத்தா நடுவுல ஒரு கருப்புக் கோடு விழும், வலது மெஷின்ல எடுக்கச் சொல்லிக் கேளுங்க, பொறந்த பத்திரக் காப்பியில கோடு விழுந்தா ஆபீஸ்ல முகம் சுளிக்கிறாங்க. ஸ்கேன் பண்ணி ஈமெயில்ல அனுப்பறது மக இருந்தா மட்டும்தான் நடக்கும். ஐ.ஜி.சி.எஸ்.இ பதிவு, வெளிநாட்டு ஆன்லைன் ஸ்கூல் சம்பந்தப்பட்டது எதுவும் அவருக்குத் தெரியாது, தெரியாதுன்னு நேராவே சொல்லிடறாரு, அதுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. அறிவுரையும் கொஞ்சம் தூக்கல், என் வீட்டுக்காரரு ஒரு தடவ கூட வந்துட்டு, 'டைப் பண்ண வந்தோமா இல்ல பிரசங்கம் கேக்க வந்தோமா'ன்னு வெளிய மோட்டார்ல போய் உக்காந்துட்டாரு.

இன்னொண்ணு தெளிவா சொல்லிடறேன், இந்தக் கடை அனுமதி வாங்கித் தராது. கேட்ட எல்லாருக்கும் கிடைக்கிற சாமானும் இல்ல அது, எங்களுக்கே டாக்டர் ரிப்போர்ட் பலமா இருந்ததாலதான் மேல போச்சு, வந்த கடிதத்துலயும் ஒரு முடிவுத் தேதி இருக்கு. அந்தத் தேதிய ஐயா ஃபைல் அட்டை மேலேயே பெரிய எழுத்துல எழுதி, பக்கத்துல நாலு மாசம் முந்தின ஒரு தேதியையும் எழுதி வச்சிருக்காரு, அன்னைக்கு நான் புது ரிப்போர்ட்டுக்கு ஆஸ்பத்திரியில பாரம் போடணுமாம்.

விலை சொல்லணும்ல. காப்பி ஒரு பக்கம் 20 காசு, மலாய் கடிதம் டைப் பண்ண 10 வெள்ளி, முழு ஃபைலு மூணு செட்டு பிரிவு அட்டையெல்லாம் போட்டு எங்களுக்கு 60 வெள்ளிக்குள்ள முடிஞ்சுச்சு. கார்டு கிடையாது, காசு, இல்லன்னா கியூஆர். காலையில பசியாறிட்டு பத்து மணிக்கு மேல போங்க, சம்பள வாரம் வேணாம், கூட்டம் தாங்காது. திங்கட்கிழமை மக இருக்காது. ஒரிஜினல் பேப்பர் எதையும் கடையில விட்டுட்டு வராதீங்க, அவரே விட மாட்டாரு. மாடிப்படிக்குக் கீழ தலை இடிக்கும், குனிஞ்சு போங்க.